முழங்கைச் சூடு

நொய்யரிசி ஒரு பிடி, வெந்நீர் அரைப் பாட்டில், வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நன்றாகக் குலுக்கினால் உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கிற சர்பத்தும் சாஸும் இருமல் மருந்தும் உதிர்ந்து வந்துவிடும், அப்படி ஏழு பாட்டில் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், இன்னும் நாலு இருக்கிறது, மொத்தம் பதினொன்று, எங்கள் எஸ்டேட் லைனில் எங்களை விட்டால் வீடும் பதினொன்று. அவரவர் வீட்டுப் பாட்டிலை அவரவரே கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பச்சைத் தண்ணீரில் கடைசியாக அலசிய பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் கன்னத்தில் ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன். ஜில்லென்று இருக்கிறது. இருக்கட்டும். மாசி பிறந்தும் இந்த மலையில் குளிர் போகவில்லை, குளிரில் பாட்டில் ஜில்லென்றுதான் இருக்கவேண்டும், எது எப்படி இருக்கவேண்டுமோ அது அப்படி இருக்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு சீராக வருகிறது.

நாலு பேர் முன்னால் என்னால் பேச முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், அங்கேயும் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுவேன். கை வேலையாக இருக்கும்போது மட்டும் உள்ளே பேச்சு வரும். ஆகையால் இந்தப் பாட்டில்கள் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மார்கழி மூன்றாம் தேதி, வரவேண்டிய நாளுக்கு ஆறு வாரம் முந்தியே வந்துவிட்டாள். ஒரு கிலோ எழுநூறு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற நாங்கள் ஒரு நாளைக்கு அதைப்போல இருபது மடங்கு பறித்து நிறுத்துக் கொடுக்கிறோம், அந்தக் கணக்கில் அவள் ஒரு பிடிக் கொழுந்துதான். ஒன்பது நாள் டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். எங்கள் பக்கத்து நர்ஸ் நிர்மலா அக்கா வீட்டுக்கு வந்து, கம்பளியை எப்படிச் சுற்றுவது, மார்போடு மார்பாக எப்படிக் கட்டிக்கொள்வது என்றெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் கதவருகில் நின்று சொன்னது ஒன்றுதான். பிள்ளையின் உடம்புச் சூடு தொண்ணூற்றேழுக்குக் கீழே போனால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு, கண்ணாடிப் பெட்டிக்கு. இரண்டரைக் கிலோ ஆகும்வரைக்கும் இந்தக் கவலை உண்டு, அதற்கப்புறம் அவளே தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்வாள்.

கண்ணாடிப் பெட்டி நல்லதுதான், எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் என் மூத்த மகனை அதற்குள் வைத்தார்கள், நான் வெளியே நின்று விரலால் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தேன், அவன் திரும்பி வரவில்லை. அந்தக் கண்ணாடியின் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது. அதனால் தொண்ணூற்றேழு என்கிற எண்ணை நான் சாமி பெயர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அவள் அழுதால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், கிட்டத்தில் படுத்திருக்கிற எனக்கே காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும், பக்கத்து வீட்டுச் சந்தனமேரி அக்காவுக்குச் சுவர் ஒன்றுதான் நடுவில் என்றாலும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் மகேந்திரனுக்குக் கெஸ்ட் பங்களாவில் சமையல் வேலை. அங்கே கிறிஸ்துமஸுக்குத் தங்க வந்த ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், தானே பீர் காய்ச்சிக் கூட்டாளிகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு மூட்டை சாமான் கொண்டுவந்திருந்தான். அவனுக்கு ஏதோ அவசரம் வந்து மறுநாளே கிளம்பும்போது, அண்ணா நீங்க காய்ச்சுங்க, ரொம்ப ஈஸி என்று மூட்டையை இவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். மூட்டைக்குள் முளைகட்டிக் காயவைத்த பார்லி, கசப்புக்குப் போடுகிற ஆட்டுப்புழுக்கை மாதிரி பச்சை உருண்டைகள், ஒரு ஈஸ்ட் பாக்கெட், சூடு பார்க்கிற கோல் ஒன்று. அந்தக் கோலில் பேட்டரி தீர்ந்திருந்தது.

இவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. எங்களில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்றாம் நாள் வீடு கழுவி, பேர் வைத்து, வருகிறவர்களுக்கு விருந்து கொடுப்பது. மூத்தவனுக்கு முப்பத்தொன்று வரவேயில்லை. அன்றைக்குக் கொடுக்காத விருந்தையும் சேர்த்து இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு பாட்டில், கடையில் வாங்கியது இல்லை, என் கையால் காய்ச்சியது என்று கொடுக்கப்போகிறேன் என்றார். கையால் என்று சொன்னாரே தவிர, கை என்னுடையது.

பார்லியை மாவாக்கக் கூடாது, தோல் மட்டும் உடைந்தால் போதும் என்று தாளில் இருந்ததாம். கேழ்வரகைப் பிள்ளைக் கஞ்சிக்கு முளைகட்டி உடைக்கிற பழக்கம் இருந்ததால் அது எனக்குக் கஷ்டமாக இல்லை, பிள்ளையை மாரில் கட்டிக்கொண்டே குழவியை மெதுவாக ஓட்டினேன். அடுத்து வெந்நீரில் ஊறவைக்க வேண்டும், சூடு அறுபத்தாறு இருக்கவேண்டும், ஒரு மணி நேரம் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அறுபத்தாறு என்றால் எவ்வளவு என்று இவரும் நானும் வெகுநேரம் யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்த சூடு எல்லாம் நர்ஸ் அக்கா சொல்கிற சூடுதான். தொண்ணூற்றெட்டு என்றால் நல்ல உடம்பு, நூறு என்றால் காய்ச்சல். அப்படியானால் அறுபத்தாறு காய்ச்சலைவிட, நல்ல உடம்பைவிடக்கூடக் குறைச்சல், சும்மா வெதுவெதுப்பு. இருந்தாலும் ஒரு தானியத்தைப் போய் அவ்வளவு குளிரில் போட எனக்கு மனசு வரவில்லை, அதனால் பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவுகிற மாதிரி அண்டாவில் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்து, முழங்கைக்கு இதமாக இருந்ததும் போதும் என்று பார்லியைக் கொட்டினேன்.

சூடு குறையாமல் இருக்க அண்டாவைச் சுற்று என்று இவர் சொன்னார். எனக்குச் சுற்றத் தெரிந்தது ஒரே விதம்தான், நர்ஸ் அக்கா காட்டிக் கொடுத்த விதம். முதலில் பழைய பருத்திச் சேலை, அதற்கு மேல் கம்பளி, தலைக்கு ஒரு குல்லாய் மாதிரி மூடிமேல் துண்டு. பிறகு அதைத் தரையில் வைக்காமல் வைக்கோல் போட்ட கொழுந்துக் கூடைக்குள் இறக்கி, என்னை அறியாமல் பிள்ளைக்கு மை வைத்த விரலாலேயே அதன் வயிற்றில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டேன். இவர் சிரித்தார். சூடு குறையக் கூடாது என்று நான் அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன், யாரும் கேட்காதபோது எனக்குப் பேச வரும்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் சூடு அப்படியே இருந்தது. இனிப்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று இவர் மூடினார். அன்று ராத்திரி உறைபனி விழுந்தது. விடிந்தபோது குழாயில் தண்ணீர் வரவில்லை, தேயிலையெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது, இவர் பங்களாவுக்குப் போய்விட்டார், நான் பிள்ளையின் துணியை அவிழ்த்து மாற்றுவதற்குள் அவள் கால் இரண்டும் நீலம் பாரித்து, பால் கொடுத்தால் வாயை அசைக்காமல் கிடந்தாள். மாரில் போட்டேன், என் மாரே குளிர்ந்திருந்தது. கையைத் தேய்த்தேன், கை ஐஸ். அண்டா ஞாபகம் எப்படி வந்தது என்று தெரியாது, கம்பளியை விலக்கிக் கையை வைத்தால் நேற்று முழங்கையில் பட்ட அதே சூடு, ஒரு துளி கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிள்ளையை அதன் வயிற்றோடு வயிறாக வைத்து இரண்டையும் சேர்த்துச் சேலையால் சுற்றினேன். கால் சிவந்தது. பிறகு காது சிவந்தது. அரை மணி நேரத்தில் வாயை வாயை அசைத்துப் பால் தேடினாள்.

மறுநாளும் அண்டா ஆறவில்லை, அதற்கு மறுநாளும் ஆறவில்லை. நர்ஸ் அக்கா வந்து பிள்ளையின் அக்குளில் கோலை வைத்துத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு என்று எழுதிக்கொண்டு, அப்புறம் அதே கோலை அண்டாவுக்குள் விட்டுப் பார்த்து, அதையும் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு என்று அடுத்த வரியில் எழுதினார். எழுதிவிட்டு, நல்லா இருக்கு, ரெண்டும் நல்லா இருக்கு, வெள்ளிக்கிழமை வரேன் என்று போய்விட்டார். இவர் அந்தப் பையனுக்குப் போன் போட்டபோது, அவன் அறுபத்தாறு என்பது செல்சியஸ் கணக்கு, கையை வைத்தால் வெந்துபோகிற சூடு, நீங்கள் செய்தது தப்பு, இந்நேரம் புளித்து நாறியிருக்கும், கொட்டிவிடுங்கள் என்றானாம். இவர் மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தார். பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி வாசனை. சரி தம்பி என்று போனை வைத்துவிட்டார்.

லைனில் எதையும் மறைக்க முடியாது. பேக்டரியில் முப்பது வருஷம் பாய்லரில் இருந்து ரிடையரான கணேசமூர்த்தி மாமாவைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு வந்தார்கள், சூடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால். அவர் அண்டாவை நாலு பக்கமும் தொட்டு, அடியில் குனிந்து, கூடையைத் தூக்கிப் பார்த்து, இது நெருப்புச் சூடு இல்லை, நெருப்புச் சூடு ஒரு பக்கம் கூடும் ஒரு பக்கம் குறையும், இது உடம்புச் சூடு என்றார். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. அப்படியானால் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எதற்கெல்லாம் ஆகும் என்றுதான் கேட்டார்கள்.

சந்தனமேரி அக்கா இட்லி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அண்டாவின் முதுகுப் பக்கம் வைத்தார், இந்தக் குளிரில் மூன்று நாளானாலும் பொங்காத மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து அடுத்த வீட்டு மாவு வந்தது, அதற்கடுத்த வீட்டு மாவு வந்தது, அடைகாக்காமல் எழுந்துபோன கோழியின் ஆறு முட்டை வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காயாத காலுறைகள் வந்தன. கணேசமூர்த்தி மாமா காலையில் வந்து வலிக்கிற முட்டியை அண்டாவோடு சேர்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார், ஆஸ்பத்திரி எண்ணெய்க்கு இது எவ்வளவோ மேல் என்பார். வெள்ளிக்கிழமை பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டினால் அண்டாவுக்கும் காட்டவேண்டும் என்று பெண்கள் தீர்மானம் செய்தார்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளின் கணக்கு எடுத்தபோது யாரோ அண்டாவையும் சொல்லிவிட, டீச்சர் எழுதப்போய் பிறந்த தேதி கேட்டு, அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டிருக்கிறார். பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்காததால் அவளை லைனே அண்டாக்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தது. மகேந்திரனைப் பார்த்தால், என்னப்பா பீர் நல்லா வளருதா, தவழுதா என்பார்கள். அவர் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்வார். அண்டாவைக் காய்ச்சிவிட்டால் சூடு போய்விடும், சூடு போனால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். முப்பத்தொன்று அருகில் வந்தபோது நானாகக் கேட்பதற்கு முன்னால், பீர் எங்க போகுது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

முப்பத்தொன்று கழிந்து மூன்றாம் நாள். தொங்குகிற தராசில் துணிப்பையில் போட்டு நர்ஸ் அக்கா பிள்ளையை நிறுத்தார். இரண்டு கிலோ நூறு. நான் கைகூப்பினேன். அவர் வழக்கம்போல் கோலை அண்டாவுக்குள் விட்டார், எடுத்தார், துடைத்தார், மறுபடி விட்டார். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. மறுநாளும் வந்து பார்த்தார், தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. அவர் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். அண்டாவைச் சுற்றி ஒன்பது மாவுப் பாத்திரம், ஒரு கூடை முட்டை, கயிற்றில் காலுறைகள், நடுவில் மாமாவின் முட்டி.

இன்னும் நானூறு கிராம் வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாவை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா, இனிமேல் வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகினேன், காலையில் சந்தனமேரி அக்கா வந்து பாத்திரத்தை வைத்தபோது நானே நகர்ந்து இடம் விட்டேன். அன்று மத்தியானம் இவர் வேலைக்குப் போன பிறகு கூரை மூங்கிலில் செருகியிருந்த காய்ந்த வேப்பங்கொத்தை எடுத்தேன். இந்த மலையில் வேம்பு வளராது, போன பங்குனியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கீழேயிருந்து வந்தது. மாவுப் பாத்திரங்களையும் முட்டைக் கூடையையும் வாசலில் எடுத்துவைத்து, அதை வாசல் நிலையில் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். வேப்பிலை செருகின வீட்டுக்குள் அம்மை வந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்குள் யாரும் வரமாட்டார்கள். அம்மா தாயே, உன் பேரில் பொய் சொல்கிறேன், பொறுத்துக்கொள் என்று உள்ளே நின்று கும்பிட்டேன்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மாவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கதவுக்கு வெளியே சந்தனமேரி அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது, வந்தது, நின்றது, போகவில்லை.

"யோகா, நர்ஸம்மாவ வழியில பார்த்தேன். அம்மையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க."

நான் உள்ளே பிள்ளையும் அண்டாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி, வாயத் தொறந்து சொன்னா நாங்க கேக்க மாட்டோமா? நாங்க என்ன புலியா?"

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததால், முகம் தெரியாததால், எனக்குச் சொல்ல வந்தது.

"சூடு தீருதுக்கா. இன்னும் முன்னூத்தம்பது கிராம் வேணும்."

பிறகு செருப்புச் சத்தம் லைனின் அந்தக் கோடி வரைக்கும் போனது, ஒவ்வொரு கதவிலும் நின்று நின்று போனது.

அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி மாமா வந்து வாசலில் சாக்கில் சுற்றிய ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, பேக்டரி உலையில வச்சு எடுத்தது, உள்ள எடுத்துக்கம்மா, வேப்பிலைய எடுக்காத, இருந்தா நல்லதுதான் என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். பின்னாலேயே ஒரு செங்கல் வந்தது. பிறகு ஒரு பானை தணல், பிறகு வெந்நீர் ஊற்றி மூடி இறுக்கிய பாட்டில்கள், இதோ இப்போது நான் கழுவுகிற இதே பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய காலுறைக்குள். ஆறுவதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் வந்து எடுத்துப்போய் மறுபடி சூடாக்கிக் கொண்டுவருவார், ஆளுக்கு ஒரு நேரம் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. யாரும் உள்ளே வரவும் இல்லை, வேப்பிலைக்கு மரியாதை. மாவு பொங்காத குளிரில் எல்லார் வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு நாள் தோசை கல்லு மாதிரி இருந்ததாக அப்புறம் சொன்னார்கள். முட்டையைச் சந்தனமேரி அக்கா தன் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு படுத்தாராம், நாலு பொரித்தது.

செங்கல்லின் சூட்டினாலா, அண்டாவுக்கே ரோஷம் வந்ததா தெரியாது, அதற்குப் பிறகு நர்ஸ் அக்காவின் கோல் தொண்ணூற்றேழுக்குக் கீழே போகவில்லை, பிள்ளைக்கும் போகவில்லை, அண்டாவுக்கும் போகவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள், தை இருபது, தராசு முள் இரண்டரையைத் தாண்டி ஒரு நூல் நின்றது. நர்ஸ் அக்கா இரண்டு தடவை நிறுத்தார், மூன்றாவது தடவை என்னையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். இனி இவளைக் கீழே கொண்டுபோக வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அண்டாவில் கோலை விடப்போனவர் விடாமல் வெறும் கையை வைத்தார், என் கையையும் பிடித்து வைத்தார். ஜில்லென்று இருந்தது. எல்லா அண்டாவும் இந்த மலையில் தை மாதத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. நான் அதன் வயிற்றில் இருந்த திருஷ்டிப் பொட்டை முந்தானையால் துடைத்தேன், கொஞ்சம் அழுதேன், மூத்தவனுக்காகவும் சேர்த்து அன்றைக்குத்தான் அழ முடிந்தது. வேப்பங்கொத்தை எடுத்துச் செடிமேல் போட்டேன்.

மகேந்திரன் அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டார். தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி, பார்லியை வடித்து, மேலே சுடுதண்ணீர் ஊற்றி அலசி, வந்த தண்ணீரைப் பெரிய அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தப் பச்சைப் புழுக்கைகளைப் போட்டதும் லைன் முழுக்க ஒரு கசப்பு வாசனை போய், என்ன கஷாயம் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வடித்த சக்கையை மாடுகள் சண்டை போட்டுத் தின்றன. ஆறவைத்து ஈஸ்ட் தூவி மூடிவைத்தது மூன்றாம் நாள் முணுமுணு என்று பேச ஆரம்பித்தது, அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை, அது எல்லாப் பீரும் செய்வதுதானாம். நேற்று இவர் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்துப் பார்த்து வெகுநேரம் யோசித்துவிட்டு, கஞ்சித்தண்ணிக்குக் கோபம் வந்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு என்றார். கணேசமூர்த்தி மாமாவுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். இதைக் குடிச்சிட்டு நேரா நடந்து வீட்டுக்குப் போகலாம், அதுதான் இதுல குறை என்றார், சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். தாரணி என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், ஆனால் அண்டாக்குட்டி போகப்போவதில்லை. வீட்டுக்கு ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுக்கவேண்டும், இந்தத் தடவை இவர் கொடுக்கக் கூடாது, நானே பதினொரு வாசலுக்கும் போய்க் கையில் கொடுக்கவேண்டும், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இல்லை, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருக்கிறேன், என்ன வார்த்தை என்றுதான் பாட்டில் பாட்டிலாகக் குலுக்கிக்கொண்டே யோசிக்கிறேன். பத்தாவது பாட்டில் ஆயிற்று. இது கடைசி, இருமல் மருந்துப் பாட்டில், மாமா வீட்டுடையது, கழுத்து குறுகல், நொய் உள்ளே போனால் வெளியே வர அடம் பிடிக்கும். அவர் வீட்டு வாசலில் நின்று முதலில் சொல்லவேண்டியது

"யோகா! ஏ யோகா! பிள்ள அழுவுது பாரு, அந்தக் கோடி வீடு வரைக்கும் கேக்குது, என்னா தொண்டைடி உன் மவளுக்கு, மாவாட்டவே முடியல, ஓடி வா"

சந்தனமேரி அக்காதான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கேட்கிறதாம், அக்காவுக்குக் கேட்கிறதாம், அந்தக் கோடி வரைக்கும், இதோ வரேன்க்கா, இந்த ஒரு பாட்டிலை மட்டும் அலசிக் கவிழ்த்துவிட்டு